சிசிலி மீனவனுக்குக் குளச்சல் பேச்சு: வெளிநாட்டுப் படங்களோடு நம்மவர் அனுபவங்கள்

குளச்சலிலிருந்து

அப்பா கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு கிடந்த ஆறு வாரங்களில்தான் எங்கள் வீட்டுக்குள் வெளிநாட்டுப் படங்கள் வந்தன. பதினாலு வயதில் கட்டுமரம் ஏறியவர். ஞாயிற்றுக்கிழமை தவிர வேறு நாளில் அவரைப் பகலில் வீட்டில் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. டிவியில் ஓடும் பழைய படங்களின் வசனத்தை நடிகருக்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

மீனவர்களைப் பற்றியது என்று கேள்விப்பட்டு எப்போதோ எடுத்து வைத்திருந்த இத்தாலியப் படம் ஒன்று என்னிடம் இருந்தது. 1948-இல் லூக்கினோ விஸ்கோன்தி எடுத்த ‘லா தெரா திரேமா’. பூமி அதிர்கிறது என்று அர்த்தம். கறுப்பு வெள்ளை, இரண்டரை மணி நேரத்துக்கும் மேல். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், ஆங்கில சப்டைட்டில் வாசிக்க வராது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்து நானே வாசித்துச் சொல்ல ஆரம்பித்தேன். “இந்த விலைக்கு விற்பது அநியாயம்” என்று பாடப்புத்தகத் தமிழில் போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிஷம் பொறுத்தார்.

“ரேடியோவுல செய்தி வாசிக்கது மாதிரி இருக்கு. நம்ம கடப்புறத்துல பேசுகது போல சொல்லு மக்கா.”

சரி என்று மாற்றிக்கொண்டேன். அந்த நிமிஷத்திலிருந்து ’ந்தோனி என்ற சிசிலிக்கார வாலிபன் குளச்சல்காரன் ஆகிவிட்டான். ஏலம் எடுக்கிறவன், தாத்தா, தம்பி எல்லோரும் எங்கள் தெருவில் பேசுவதைப் போலவே பேசினார்கள்.

அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. படத்தில் நடித்தவர்கள் ஆச்சி திரேட்சா என்ற கடற்கரை ஊரின் மனிதர்களே, அதில் நிஜ மீனவர்களும் உண்டு. அவர்கள் பேசுவது இத்தாலியன் இல்லை, சிசிலியின் வட்டாரப் பேச்சு. இத்தாலியின் மற்றப் பகுதிக்காரர்களுக்கு அது விளங்காது என்பதால்தான் பின்னணியில் ஒரு குரல் இத்தாலியனில் கதையை எடுத்துச் சொல்கிறது. சிசிலியில் இத்தாலியன் ஏழைகளின் மொழி அல்ல என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுத்தில் போடுகிறார்கள். படத்தை நிறுத்தி இதை அப்பாவிடம் சொன்னேன். காசிமேட்டில் ஒரு தடவை அவர் பேசியதைக் கேட்டு மலையாளியா என்று விசாரித்தார்களாம். “அப்ப இவனுவளும் நம்மளப் போலத்தான், கேட்டியா” என்றார். எனக்கு அது பெரிய சந்தோஷம். எந்தப் பேச்சில் வாசிக்க வேண்டும் என்று அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

மொத்த வியாபாரிகள் வைத்ததுதான் விலை. பொறுக்க முடியாமல் ’ந்தோனி அவர்களுடைய தராசைத் தூக்கிக் கடலில் எறிவான். தராசு தண்ணீரில் விழுந்ததும் அப்பா ஒரு கையை ஊன்றி, மாவுக்கட்டோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். வீட்டை அடமானம் வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்யப் புறப்படுகிறார்கள். நெத்தோலி அள்ளிக்கொண்டு வருகிறார்கள். குடும்பமே உட்கார்ந்து பீப்பாய் பீப்பாயாக உப்பிட்டு அடுக்குகிறது. மீனுக்கும் உப்புக்கும் அந்தக் கைகள் மாறி மாறிப் போகிற வேகத்தைப் பார்த்து, நடிக்க வந்த கை இல்லை இது என்று அம்மா சொன்னாள். அவள் அடுக்களையிலிருந்து எப்போது வந்து வாசலில் நின்றாள் என்று நான் கவனிக்கவில்லை.

புயல் வருகிறது. கறுப்புத் துணி போர்த்திய பெண்கள் பாறை மேல் நின்று கடலைப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் வாசிக்க எழுத்தும் இல்லை, வாசிக்க என்னால் முடிந்திருக்கவும் செய்யாது. 2017 நவம்பர் 30-க்குப் பிறகு ஒக்கிப் புயலில் போனவர்களுக்காக எங்கள் கடற்கரை ஊர்களில் பெண்கள் அப்படித்தான் நின்றார்கள். நிறுத்தவா என்று கேட்டேன். “வேண்டாம், ஓடட்டு” என்றார் அப்பா.

கடைசிப் பகுதியில், வள்ளம் உடைந்த குடும்பத்திடம் அந்த உப்பிட்ட நெத்தோலியை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். “குடுத்துராதல” என்று அப்பா டிவியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவரே கேட்க ஆரம்பித்தார். குரோசவாவின் ‘ஏழு சாமுராய்’ (1954) மூன்றரை மணி நேரம் ஓடும், இரண்டு ராத்திரியாகப் பார்த்தோம். விவசாயிகள் தாங்கள் தினை தின்றுகொண்டு சாமுராய்களுக்கு அரிசிச் சோறு போடுவதைப் பற்றி இரண்டு நாள் பேசினார். கொள்ளையர் விழ விழத் தலைவர் தாளில் வட்டங்களை அடித்துக்கொண்டே வருவார் இல்லையா, அப்பா கூடவே விரல் மடக்கினார். அம்மாவுக்குப் பிடித்தது கியாரோஸ்தமியின் ஈரானியப் படம், ‘நண்பனின் வீடு எங்கே?’ (1987). தவறிப்போய் எடுத்து வந்த நோட்டைக் கூட்டுக்காரனிடம் சேர்க்க எட்டு வயசுப் பையன் அடுத்த ஊருக்கு ஓடுகிறான், கதை அவ்வளவுதான். வளைந்து வளைந்து மேடேறும் அந்த ஒற்றையடிப் பாதையில் அவன் ஓடும்போதெல்லாம் “பிள்ள ஏதாவது தின்னுச்சா?” என்பாள். பெரியவர்கள் ஒருவரும் அவன் சொல்வதைக் காதில் வாங்காததால் அவன் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான். எனக்கு வாசிப்பு வேலை குறைவு, ஆனால் ஒவ்வொரு தடவையும் குரல் வேறு மாதிரி வர வேண்டியிருந்தது.

தங்கைக்காக ‘ரிங்கு’ (1998) போட்டோம். ஜப்பானியப் பேய்ப் படம். அதற்கு வாசித்தது தப்பு. அந்தப் படத்தின் பயமே அமைதியில் இருக்கிறது, நான் பேசப் பேசக் கெட்டுப்போனது. பேய்ப் படம் என்றால் முதலிலேயே கதையைச் சுருக்கிச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து

நான் கணக்கு டீச்சர். எனக்கு வழி காட்டியது ரயில். திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா, டிசம்பர் வந்தால் குழித்துறை ஸ்டேஷனில் ஏறிவிடுவேன். தம்பானூரில் இறங்கினால் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்கள் நடக்கிற தூரம்தான். நம் தாத்தா காலத்தில், 1956 வரைக்கும், நம் குமரிக்குத் தலைநகரமே அதுதானே. மலையாளத்தின் முதல் படத்தை எடுத்த ஜே. சி. டேனியலும் கடைசிக் காலத்தை நம் அகஸ்தீஸ்வரத்தில்தான் கழித்தார். அதனால் அங்கே வரிசையில் நிற்கும்போது வெளியூர்க்காரி என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஒரு வருஷம், ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம் நின்றும் எனக்கு முன்னால் இடம் முடிந்துவிட்டது. என்னோடு திரும்பிய கல்லூரிப் பெண் படிக்கட்டில் உட்கார்ந்து, “டீச்சர், இது போனால் போகட்டும், ‘திம்புக்து’ பாருங்கள்” என்றாள். அப்தெர்ரஹ்மான் சிஸ்ஸாகோ 2014-இல் எடுத்தது. ஆயுதக் கும்பல் ஊரைப் பிடித்துப் பாட்டையும் கால்பந்தையும் தடை செய்கிறது. பையன்கள் பந்தே இல்லாமல் விளையாடுகிறார்கள். உதைக்கிறார்கள், பாய்ந்து தடுக்கிறார்கள், கோல் போட்டு ஓடுகிறார்கள். கண்காணிக்க வருகிறவர்கள் நெருங்கியதும் நின்று உடற்பயிற்சி செய்வது போல நடிக்கிறார்கள். எங்கள் பள்ளி மைதானத்தில் பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இல்லாத பந்து கண்ணில் படுகிறது. ஆப்பிரிக்கப் படம் என்று ஒன்றைத் தேடிப் போக எனக்கு அதுவரை தோன்றியதே கிடையாது. எந்த நாடு, என்ன விருது என்று பார்ப்பதை அதோடு விட்டேன். வரிசையில் பக்கத்தில் நிற்பவரிடம், எந்தக் காட்சி மனதில் நிற்கிறது என்றுதான் இப்போது கேட்கிறேன்.

குலசேகரத்திலிருந்து

இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறேன். கல் லோடும் போவேன், ரப்பர் தடியும் போவேன். மச்சான் வற்புறுத்திப் பார்க்க வைத்தது க்ளூஸோ எடுத்த பிரெஞ்சுப் படம், ‘பயத்தின் கூலி’ என்று தமிழில் சொல்லலாம், 1953. எண்ணெய்க் கிணற்றில் தீ. அணைக்க நைட்ரோகிளிசரின் வேண்டும். குலுங்கினால் வெடிக்கும் சரக்கை இரண்டு லாரியில் நாலு பேர் மலை ரோட்டில் கொண்டுபோக வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம் லாரியே புறப்படாது. பொறுமையாக இருங்கள். கையில் காசு இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாமல் கிடக்கிறவர்களை அவ்வளவு நேரம் காட்டியதால்தான், இந்த லோடை ஏன் ஏற்றினார்கள் என்பது புரிகிறது.

ஒரு கொண்டை ஊசி வளைவு. ஒரே திருப்பில் வண்டி வராது. பள்ளத்துக்கு மேலே நீட்டிக் கட்டிய உளுத்த மரத்தட்டின் மேல் பின்பக்கமாக ஏற்றித்தான் திருப்ப வேண்டும். பின் சக்கரம் பலகையில் ஏறும்போது மரம் நெரிகிற சத்தம் வரும். நான் நாற்காலியில் உட்கார்ந்து வலது காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன். மச்சான் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. சண்டைப் படம் நிறையப் பார்த்திருக்கிறேன், ஒரு வண்டி ரிவர்ஸ் எடுப்பதற்கு இப்படி வியர்த்ததில்லை. எடுத்தவருக்கு ஸ்டீயரிங் பிடித்த கையின் பாரம் தெரிந்திருக்கிறது. மழைக்காலத்தில் பேச்சிப்பாறைப் பக்கம் லோடோடு இறங்கும்போது இப்போதும் அந்தப் பலகை ஞாபகம் வரும்.

மறுபடியும் குளச்சலிலிருந்து

அப்பாவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று, கடலுக்கும் போகத் தொடங்கிவிட்டார். வலை பொத்தும்போது தராசுக் கதையை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார் போல. போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாலு பேர் வீட்டுக்கு வந்து, அந்த நெத்தோலிப் படத்தைப் போடச் சொன்னார்கள். அப்பா எனக்கு நாற்காலியை டிவி பக்கத்தில் இழுத்துப் போட்டார்.

டிரைவர் அண்ணே, வரும் ஞாயிறு நீங்கள் சொன்ன படம்தான். அதில் ஒவ்வொருவரும் பிரெஞ்சு, ஆங்கிலம், ஸ்பானிஷ் என்று கலந்து பேசுகிறார்கள். எல்லோருக்கும் கடப்புறப் பேச்சையே வைத்தால் சரிப்படாது என்று படுகிறது. வண்டி சகதியில் மாட்டினால் உங்கள் மலைப் பக்கத்தில் கிளீனரை என்ன சொல்லி ஏவுவீர்கள், பின்னால் எடுக்கும்போது என்ன சொல்லிக் கத்துவார்கள் என்று சனிக்கிழமைக்குள் எழுதுங்கள்.