எஃப் பிடித்தால் எஃப் ஷார்ப் வருகிறது: கிளாரினெட்டில் கோளாறா?

கேள்வி:
வணக்கம். இரண்டு வருடமாக பிளாஸ்டிக் பி ஃப்ளாட் கிளாரினெட்டில் பழகி வருகிறேன். போன வாரம் பழைய மரக் கிளாரினெட் ஒன்று கைக்கு வந்தது. ஆசையாக எடுத்து ஊதினால் ஒரே குழப்பம். இடது கையின் மூன்று விரல்களும் வலது ஆள்காட்டி விரலும் வைத்து ரெஜிஸ்டர் கீயை (மேல் ஸ்தாயிக்குக் கொண்டுபோகும் கட்டைவிரல் கீ) அழுத்தினால், ஐந்தாவது கோட்டில் இருக்கும் எஃப் வர வேண்டும். எஃப் ஷார்ப் வருகிறது. ரெஜிஸ்டர் கீ இல்லாமல் ஊதினால் பி ஃப்ளாட்டுக்குப் பதில் பி. ரீட் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) மாற்றிப் பார்த்தேன், இணைப்புகளை அழுத்திப் பொருத்தினேன், பலனில்லை. ரீட் மவுத்பீஸின் இரு ஓரத்திலும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கிறது. துளைகளை மூடும் பேட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

பதில் 1:
பேட் மாற்ற அவசரப்படாதீர்கள். காற்று கசிந்தால் சுரம் திணறும், கீச்சிடும், கீழ் சுரங்கள் வரவே அடம்பிடிக்கும். உங்களுக்கோ இரண்டு ஸ்தாயியிலும் சரியாக அரைச் சுரம் ஏறி வருகிறது. ஒன்று பாருங்கள்: சுண்டு விரல்களுக்கு எத்தனை கீ இருக்கிறது? நீங்கள் பழகிய கிளாரினெட்டில் இடது பக்கம் மூன்று, வலது பக்கம் நான்கு இருக்கும்.

கேட்டவர்:
இப்போதுதான் எண்ணினேன். இரண்டு பக்கமும் இரண்டிரண்டுதான்! அவற்றின் நடுவே சின்ன உருளைகள் சுழல்கின்றன.

பதில் 1:
அப்படியானால் கோளாறே இல்லை. நீங்கள் பழகியது போம் என்ற விரல் முறை, கையில் இருப்பது வேறு முறை. வலது ஆள்காட்டி விரலோடு மோதிர விரலையும் வைத்து, நடுவிரலைத் தூக்கிவிட்டு ஊதிப் பாருங்கள். எஃப் வரும்.

காரணம் இதுதான். போம் முறையில் வலது கைத் துளைகளைச் சுற்றியுள்ள வளையங்களில் எதை அழுத்தினாலும் மேலே இருக்கும் ஒரு பேட் சேர்ந்து மூடும். அதனால் ஆள்காட்டி விரலுக்கு எஃப், நடுவிரல் மட்டும் வைத்தால் எஃப் ஷார்ப். பழைய முறைகளில் ஆள்காட்டி விரலுக்கு எஃப் ஷார்ப்தான், எஃப் வேண்டுமென்றால் நடுவில் ஒரு விரலை விட்டுப் பிடிக்கும் ஃபோர்க் பிடி. கிளாரினெட் மேல் ஸ்தாயிக்குப் போகும்போது எட்டாவது சுரத்துக்குத் தாவாமல் பன்னிரண்டாவதுக்குத் தாவும். அதனால்தான் கீழே பி ஃப்ளாட்டும் அதே கதை.

கேட்டவர்:
வந்துவிட்டது! கசிவென்று நினைத்து இரண்டு நாள் தூங்கவில்லை. இது எந்த முறை?

பதில் 2:
உருளையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆல்பர்ட், ஓலர் என்ற இரண்டு விரல் முறைகளிலுமே அப்படி வரும். இரண்டுக்கும் மூலம் கிளாரினெட் கலைஞர் இவான் முல்லரின் 13 கீ கிளாரினெட். அந்த ஃபோர்க் எஃப் பக்கத்துச் சுரங்களைவிட மங்கலாக ஒலிக்கிறதா? பழைய எளிய கருவிகளில் அப்படித்தான். அதைத் தெளிவாக்கவே ஓலர் முறையில் தனியாக ஒரு காற்றுத் துளையும் பேடும் வைத்தார்கள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் அந்த வகைதான் வாசிக்கிறார்கள்.

அப்புறம், ரீட் நீட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்களே, அதுவும் ஒரு தடயம். ஜெர்மன் மவுத்பீஸ் குறுகலானது, அதற்குத் தனி ரீட். சாதாரண ரீட் அதில் அகலமாகத்தான் இருக்கும். ஓரத்தைச் சீவாதீர்கள்.

பதில் 3:
நான் போமில் பத்து வருடம் வாசித்துவிட்டு ஓலருக்கு வந்தவன். எஃப் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. சுண்டு விரல்தான் பல மாதம் படுத்தியது. போமில் நடு ஸ்தாயி சி-யை இடது சுண்டு விரலால் பிடித்து, அடுத்த இ ஃப்ளாட்டை வலதால் பிடிக்கலாம். எந்தக் கை எதற்கு என்று முன்கூட்டியே யோசித்தால் போதும், விரல் இடம் மாறாது. இங்கே இரண்டும் வலது சுண்டு விரலுக்குத்தான். உருளை மேல் வழுக்கிப் போக வேண்டும். முதலில் அழுத்தி அழுத்தி மணிக்கட்டே வலித்தது. பாரத்தைக் குறைத்து விரலைச் சற்று வளைத்து வைத்த பிறகுதான் வழுக்கல் வந்தது. வந்தபின் அந்த இடத்தில் இரண்டு சுரமும் ஒட்டிக்கொண்டு போவது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

ஊதும்போது உதட்டிலும் வேறுபாடு தெரியும். மவுத்பீஸ் நுனிக்கும் ரீடுக்கும் உள்ள இடைவெளி சிறியது, ரீடிலிருந்து விலகிப்போகும் சரிவு நீளம். கடிக்காமல் காற்றைச் சீராக விட்டால் இருண்ட, அடக்கமான ஒலி வரும்.

கேட்டவர்:
இரண்டையும் சேர்த்துப் பழகலாமா? என் ஆசிரியரும் பயிற்சி நூலும் போம்தான்.

பதில் 1:
இப்போதைக்கு வேண்டாம் என்பேன். போம் முறை 1839 வாக்கில் பாரிஸில் கிளாரினெட் கலைஞர் க்ளோஸேயும் கருவி செய்பவர் புஃபேயும் சேர்ந்து உருவாக்கியது. தியோபால்ட் போம் புல்லாங்குழலில் செய்த வளைய யோசனையை எடுத்ததால் அந்தப் பெயர். இன்று கிடைக்கும் பெரும்பாலான பயிற்சி நூல்கள் அதற்கே எழுதப்பட்டவை. வேகமான பகுதியில் விரல் எஃபில் தடுமாறினால் திருத்துவது கஷ்டம்.

பதில் 3:
எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. கடைசிப் பத்து நிமிடம் மட்டும் இதை எடுத்து மெதுவான நீண்ட சுரங்கள் ஊதட்டும், அதில் விரல் குழம்பாது. ரீட் மட்டும் ஜெர்மன் வகையாக இருக்கட்டும். மரம் ரொம்ப நாள் ஊதப்படாமல் இருந்திருந்தால் முதல் வாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், உள்ளே ஈரத்தைத் துடைத்து வையுங்கள். இல்லாவிட்டால் மரத்தில் வெடிப்பு விழுந்துவிடும்.

கேட்டவர்:
சரி, அப்படியே செய்கிறேன். பேட் மாற்றக் கொடுக்கப் போவதில்லை. ஃபோர்க் எஃபை மறுபடி ஊதிப் பார்த்தேன், ஜி-க்குப் பக்கத்தில் வைத்தால் கொஞ்சம் மங்கல்தான்.