இரட்டைக் குழந்தைகளின் பகல் தூக்கம்: தூங்குறதை எழுப்பலாமா?

நெறியாளர்: கேள்வி இதுதான். 35 வாரத்தில் பிறந்த இரட்டையர், இப்போது 14 வாரம். பகலில் ஒன்று 40 நிமிடத்தில் எழுந்துவிடுகிறது, மற்றது ஒன்றரை மணி நேரம் தூங்குகிறது. ஒன்று எழுந்ததும் மற்றதையும் எழுப்பலாமா? எதில் படுக்க வைப்பது? சொந்தக் கதை வேண்டாம், செய்முறை மட்டும்.

ரெட்டைக்கொடி: எழுப்பணும். அதுக்கு முன்னாடி வயசைச் சரி பண்ணுங்க. 40 வாரத்துக்கு 5 வாரம் முந்திப் பிறந்ததுங்க, 14ல 5 போனா 9 வாரம். அந்த வயசுக்கு ஒரு தூக்கத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல, பால் குடிக்கிற நேரமும் சேர்த்து, 60லேர்ந்து 75 நிமிஷம்தான் தாங்கும். 14 வாரக் கணக்கைப் பார்த்து ஒன்றரை மணி நேரம் விளையாட்டுக் காட்டினா, சோர்வு மீறிப்போய்ப் படுக்கவே படுக்காது.

ஒண்ணு பசிச்சு எழுந்தா அதுக்குப் பால் கொடுத்து ஏப்பம் எடுத்ததும், அரை மணி நேரத்துக்குள்ள மத்ததை எழுப்புங்க. தட்டி எழுப்பக் கூடாது. ஜன்னல் திரையை விலக்கி, துணியைத் தளர்த்தி, டயப்பர் மாத்தினா தானே முழிச்சுக்கும். இல்லேன்னா ஆளுக்கு 8 வேளைன்னு 16 தடவை, ஒண்ணு மாத்தி ஒண்ணு. பெத்தவ எப்பத் தூங்குவா?

பாலாடை: பெற்றவள் தூங்க வேண்டும், சரி. ஆனால் இந்த விதி எடை ஒத்திருக்கும் ஜோடிக்குத்தான் பொருந்தும். ஒன்று 3.8 கிலோ, மற்றது 4.9 கிலோ என்று வையுங்கள். சின்னதுக்கு 2 மணி நேரத்தில் பசிக்கும், பெரியது 3 மணி நேரம் தாங்கும். பெரியதைப் பசிக்கு முன்னாலேயே எழுப்பினால் கால் வயிறு குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தக் கால் வயிறோடு படுத்தால் அதுவும் 40 நிமிடத்தில் எழும். ஒன்றிடம் இருந்த பிரச்சினையை இரண்டுக்கும் பங்கு போட்டுக் கொடுத்த மாதிரி. தவிர, பகல் இரவு தெரிகிற உடல் கடிகாரம் 2, 3 மாதத்தில்தான் அமையத் தொடங்கும். 9 வாரத்தில் நம் அட்டவணை அதற்கு எட்டாது.

ரெட்டைக்கொடி: எடை வித்தியாசம் அவ்வளவுன்னா இறங்கி வர்றேன். காலையில முதல் பாலையும் மத்தியானத் தூக்கத்தையும் மட்டும் ஒண்ணாக்குங்க, மத்ததை அதுங்க போக்குல விடுங்க. ஆனா பகல்ல 2 மணி நேரத்துக்கு மேல ஒரே மூச்சா தூங்க விட்டா அந்தப் பால் ராத்திரிக்குத் தள்ளிப்போகும். அதுல மாத்தமில்ல.

தொட்டில்கம்பு: கடிகாரத்தைக் கட்டிக்கிட்டு அழறீங்க. ரெண்டு கொக்கி, ரெண்டு பழைய பருத்திச் சேலை, நடுவுல கம்பு. தூளியில போட்டு ஆட்டினா 5 நிமிஷத்துல கண்ணு சொருகும். 40 நிமிஷத்துல சிணுங்கினா ரெண்டு ஆட்டு, மறுபடி தூங்கிடும். ஊரே தூளியிலதானே வளர்ந்துச்சு?

பாலாடை: வளர்ந்தவர்கள்தானே பேச வருகிறோம். எழுப்புவதில் ரெட்டைக்கொடியோடு சண்டை, இதில் நாங்கள் ஒரே கட்சி. சேலையின் வளைவில் முதுகு மடங்கி முகவாய் நெஞ்சில் இடிக்கும். அந்த வயதில் மூச்சுக்குழாய் மெல்லியது, மடங்கினால் அடைபடும். தலையை நிமிர்த்தக் கழுத்தில் பலம் கிடையாது, சத்தமும் வராது. குறைமாதக் குழந்தைக்கு இன்னும் மோசம். கம்பு சேலையை விரிக்கும், வளைவை எடுக்காது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2022 வழிகாட்டுதலில் இரட்டையருக்கும் தனித்தனிப் படுக்கை, அழுத்தமான சமதளம், மல்லாந்த நிலை என்றுதான் இருக்கிறது. 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை அந்த நாடு அதே ஆண்டு சட்டம் போட்டுத் தடை செய்தது. தூளி அதைவிட வளைவு.

இலவம்பஞ்சு மெத்தையும் ஆகாது. உள்ளங்கையால் அழுத்தி எடுத்த பிறகு குழி நின்றால் அது குழந்தைக்கானது இல்லை. பாயின் மேல் பருத்தித் துணியை இரண்டாக மடித்து, ஓரங்களை இறுக்கிச் செருகினால் போதும். கடுகுத் தலையணையும் வேண்டாம். மண்டை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க, ஒரு வேளை தலை வைத்த பக்கம் அடுத்த வேளை கால் வருகிற மாதிரி மாற்றிப் படுக்க வைத்தால் வெளிச்சத்தைத் தேடி முகம் தானே மறுபக்கம் திரும்பும்.

வேப்பங்காற்று: பாயில் வைத்தவுடன் விழித்துக்கொள்கிறதே, அதற்கு என்ன வழி?

ரெட்டைக்கொடி: சீக்கிரம் கீழே வெச்சா அப்படித்தான். சின்னக் குழந்தைங்க முதல்ல மேலோட்டமான தூக்கத்துலதான் இறங்கும். இமை துடிக்கும், உதடு சிரிக்கும், மூச்சு ஏறி இறங்கும். ஆழமான தூக்கத்துக்குப் போகச் சுமார் 20 நிமிஷம். கையைத் தூக்கி விட்டா துணி மாதிரி தொப்புன்னு விழணும், அதுதான் அடையாளம். வைக்கும்போது முதல்ல கால், இடுப்பு, முதுகு, கடைசியா தலை. தலை முதல்ல இறங்கினா விழற மாதிரி உணர்ந்து ரெண்டு கையையும் விரிச்சு அதிரும். வெச்சதும் உடனே கையை எடுக்காம நெஞ்சு மேல 2 நிமிஷம் வெச்சிருங்க.

ரெண்டு பேர்ல அடங்கற குழந்தையை முதல்ல படுக்க வைங்க. அழறதைச் சமாதானம் பண்ணி முடிக்கறதுக்குள்ள அடங்கினது நேரம் கடந்து அதுவும் அழ ஆரம்பிக்கும்.

பாலாடை: இது சரி. ஒன்று அழுதால் மற்றது விழிக்கும் என்று அறை மாற்ற வேண்டாம், கூடப்பிறந்த சத்தம் பெரும்பாலும் பழகிவிடும். மின்விசிறி இரைச்சலே போதும். செல்போனில் இரைச்சல் போடுவதானால் 2 மீட்டர் தள்ளி, 50 டெசிபலுக்குள். சாம்பிராணிப் புகை வேண்டவே வேண்டாம். 40 நிமிடத்தில் எழுவதும் கோளாறு இல்லை, ஒரு தூக்கச் சுழற்சி அவ்வளவுதான். தூக்காமல் 10 நிமிடம் தட்டிப் பாருங்கள். தூங்கவில்லையா, எடுத்துவிடுங்கள்.

தொட்டில்கம்பு: சரி, தூளியில ஆட்டித் தூங்க வெச்சு, நீங்க சொல்ற 20 நிமிஷம் கழிச்சுப் பாய்க்கு மாத்தினா?

பாலாடை: அந்த 20 நிமிடமும் முகவாயைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார வேண்டும். அதுவரை இன்னொன்றை யார் வைத்திருப்பது?

தொட்டில்கம்பு: பாட்டி இருக்காங்கல்ல.

ரெட்டைக்கொடி: பாட்டி இருக்கற வீட்டுல மடியிலேயே ஆட்டலாமே, கொக்கி எதுக்கு?