ஸ்ட்ரீட் ஸ்டாக் வகுப்பில் சீல் வைத்த எஞ்சின்: செலவு குறையுமா, கூடுமா?

மான்டிகார்லோ83:
வட கரோலினாவில் எங்கள் பக்கத்து கால் மைல் ஓவலில் (நீள்வட்டத் தடத்தில்) ஒன்பது வருடமாக ஸ்ட்ரீட் ஸ்டாக், அதாவது பழைய தெருக் கார்களை ரேஸுக்கு மாற்றி ஓட்டும் வகுப்பில் ஓட்டுகிறேன். டிராக்கின் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள்தான். போன வாரம் அடுத்த சீசனுக்கான விதிகள் வந்தன. மூன்று மாற்றங்கள். ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் யாரும் திறந்து மாற்றாதபடி சீல் வைத்து விற்கும் 602 எஞ்சினை எங்கள் வகுப்பில் அனுமதிக்கிறார்கள். இரண்டு, நாமே கட்டிய பழைய 350 (கன அங்குல) எஞ்சினோடு வருபவர்கள் கூடுதலாக நூறு பவுண்டு எடை ஏற்ற வேண்டும். இரண்டு சீசன் கழித்து அந்த எஞ்சினுக்கு இடமே இல்லை. மூன்று, எல்லோருக்கும் ஒரே கம்பெனி டயர்.

'செலவைக் குறைக்கத்தான்' என்கிறார்கள். யாருடைய செலவை? என் எஞ்சின் பிளாக் காயலான் கடையில் வாங்கியது. போரிங் மட்டும் வெளியே கொடுத்தேன். மீதியெல்லாம் என் கராஜில், நானும் மகனும் சேர்ந்து கட்டினோம். ஹாலி 4412 கார்புரேட்டர், வார்ப்பிரும்பு ஹெட், விதிக்கு உட்பட்ட கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு). நான்கு சீசன் ஓடியிருக்கிறது. இப்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐயாயிரம் டாலருக்கு மேல் கொடுத்துப் பெட்டியில் வரும் எஞ்சினை வாங்கு என்றால், அதற்குப் பெயர் சிக்கனமா?

இடதுவளைவு:
அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான் இந்த வகுப்புக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. எனக்கு எஞ்சின் கட்டத் தெரியாது. சொல்லித்தர அப்பாவோ மாமாவோ இங்கே இல்லை. முதல் வருடம் ஒரு எஞ்சின் பட்டறையில் கொடுத்தேன். "விதிப்படிதான் கட்டுகிறேன், ஆனால் முன்னால் ஓடுபவர்களுக்குக் கட்டுவது மாதிரி வேண்டுமென்றால் விலை வேறு" என்றார் அவர். அந்த விலை 602-ஐ விட அதிகம்!

விதிப்புத்தகத்தில் 'ஸ்டாக்' என்று எழுதியிருக்கும். உள்ளே பிஸ்டன் எவ்வளவு இலகு, ஹெட்டில் எங்கே கைவைத்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? 602-ல் எல்லோருக்கும் அதே 350 குதிரைத்திறன், அதே 9.1 கம்ப்ரஷன், அதே கேம். பழைய 602 ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி ஒரு முழு சீசன் ஓட்டினேன். ஆயிலும் பிளக்கும் மாற்றினேன், அவ்வளவுதான்.

டயர்வாசனை:
நான் ஆறு வருடமாக ஒரு டிராக்கில் டெக் சோதனைக்கு, அதாவது கார்கள் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்கும் வேலைக்கு உதவுகிறேன், சம்பளம் இல்லாமல். இருவரும் சொல்வது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

பழைய எஞ்சினை எப்படிச் சோதிக்கிறோம் தெரியுமா? ரேஸ் முடிந்து இரவு பத்தரைக்கு, கொதிக்கிற எஞ்சினில் வேக்குவம் கேஜை மாட்டுகிறோம். பெரிய கேம் போட்டிருந்தால் ஐடிலில் வேக்குவம் குறையும். அதையும் ஏமாற்ற வழிகள் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கேஸ்கெட் செலவு அவருக்கு, தூக்கம் போவது எங்களுக்கு. பல வாரம் முதல் மூன்று கார்களைக்கூட முழுதாகப் பார்க்க முடிவதில்லை. ஆள் இல்லை. சீல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் முடியும்: இன்டேக், ஹெட், முன் கவர், ஆயில் பான் ஆகிய இடங்களில் தலை முறிந்து நிற்கும் அந்த போல்ட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

ஆனால் அந்த போல்ட்டுக்கும் போலி வந்தது. அதனால்தான் சில அமைப்புகள் எண் போட்ட கம்பி சீலுக்கு மாறின. அப்புறம் அந்த எஞ்சினை நீங்களே திறக்க முடியாது. ஒரு வால்வு வளைந்தாலும் அனுமதி பெற்ற பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டும், மறுபடி சீல் வைக்க வேண்டும். அந்தச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மான்டிகார்லோ83:
அதைத்தான் சொல்கிறேன். இன்று ஒரு லிஃப்டர் போனால் சனிக்கிழமை காலையில் நானே மாற்றிவிட்டு சாயங்காலம் ஓட்டுவேன். நாளை அது முடியாது. என் கையில் இருக்கும் தொழிலை எடுத்துவிட்டு பர்ஸை மட்டும் வைத்துக்கொள் என்கிறார்கள்.

கோவைக்காரன்:
தூரத்திலிருந்து பார்ப்பவன் நான், தவறாக நினைக்க வேண்டாம். ஒரே எஞ்சின் என்ற யோசனை நம் ஊரில் பலன் கொடுத்திருக்கிறது. எண்பதுகளின் கடைசியில் கோவையில் ரேஸ் கார் கட்டிய கரிவர்தன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரைக் கட்டினார். கைக்கு எட்டிய விலையில், எந்த மெக்கானிக்கும் தொடக்கூடிய எஞ்சின். நரேன் கார்த்திகேயன் தொடங்கியது அதில்தான். எல்லோருக்கும் ஒரே எஞ்சின் என்பதால்தான் ஓட்டுகிறவனின் திறமை வெளியே தெரிந்தது.

மான்டிகார்லோ83:
கரிவர்தன் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். அவர் புதிதாக ஒரு வகுப்பை உண்டாக்கினார், யாருடைய காரையும் குப்பையாக்கவில்லை. தெருவில் ஓடுகிற எஞ்சினைத்தான் எடுத்தார். உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைத்தது, திறந்து வேலை பார்க்கவும் முடிந்தது. நீங்கள் சொன்ன உதாரணம் என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

பிட்லேன்அக்கா:
நான் கொஞ்சம் வேறு மாதிரி சொல்லட்டுமா? என் மகள் நான்கு சிலிண்டர் முன்சக்கர இழுவை வகுப்பில் இரண்டு வருடம் ஓட்டிவிட்டு, இந்த வருடம்தான் ஸ்ட்ரீட் ஸ்டாக் வந்தாள். எங்கள் வீட்டில் கணக்கு எழுதுவது நான். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இந்த சீசனில் எஞ்சினுக்கு ஒரு டாலர் போயிருந்தால் டயருக்கு மூன்று டாலர் போயிருக்கிறது. எஞ்சினைப் பற்றியே இத்தனை பேர் சண்டை போடுகிறீர்கள், டயரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முன்சக்கர வகுப்பில் தெரு டயர்தான். ஒரு செட் பாதி சீசன் வரும். இங்கே வந்ததும் முதல் இரவே ஒருவர் சொன்னார்: "புது டயர் போடாமல் முன்னால் வர முடியாது. முதல் பத்து சுற்றுதான் அதில் உயிர்." ஒரு டயர் 150 டாலருக்கு மேல். வலதுபக்கம் இரண்டும் புதிது போட்டாலே, ஜெயித்தால் வரும் பரிசில் பெரும்பகுதி போய்விடுகிறது. ஜெயிக்காத எங்களுக்கு?

டயர்வாசனை:
அக்கா சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். எஞ்சினில் பூட்டு போட்டால் காசு டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் ஓடும். பணம் தண்ணீர் மாதிரி, ஒரு வாய்க்காலை அடைத்தால் அடுத்த வாய்க்காலில் பாயும். சீல் எஞ்சின் வந்த பல வகுப்புகளில் இதைத்தான் பார்த்தேன். எல்லோருக்கும் ஒரே சக்தி என்றதும் வளைவில் கிடைக்கும் பிடிமானத்துக்காகச் செலவழிக்கத் தொடங்கினார்கள். ரப்பரை இளக வைக்கும் ரசாயனத்தில் டயரை ஊறவைப்பவர்களும் உண்டு. டூரோமீட்டரை வைத்து மென்மையை அளப்போம், ரொம்ப சந்தேகம் என்றால் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புவோம். அனுப்புகிற செலவைச் சின்ன டிராக் எப்படித் தாங்கும்?

இடதுவளைவு:
அப்படியென்றால் ஒரே டயர் விதியை நீங்கள் ஆதரிக்க வேண்டுமே?

டயர்வாசனை:
ஒரே கம்பெனி என்பது பாதி மருந்துதான். எத்தனை டயர் வாங்கலாம் என்பதுதான் மீதி. கடினமான ரப்பர், ஓர் இரவுக்கு ஒரு புது டயர் மட்டும், பக்கவாட்டில் டிராக்கின் முத்திரை. இது இருந்தால்தான் செலவு இறங்கும். வெறுமனே 'இந்தக் கம்பெனிதான்' என்றால் போட்டி போய் விலை ஏறும். 2022-ல் என்ன ஆனது? ஹூஸியர் டயருக்குத் தட்டுப்பாடு வந்து, அதை மட்டும் நம்பியிருந்த டிராக்குகள் திண்டாடின. ரேஸுக்கு வரும் கார்களுக்கே டயர் இல்லை. ஒரே மாட்டை நம்பி ஊரே பால் கறந்த கதை.

ஐயோவாமண்:
நான் இருப்பது ஐயோவாவில், இங்கே மண் தடம். கேட்கக்கூடாதா என்று தெரியவில்லை, ஆனால் 'கிளெய்ம்' விதியை ஏன் யாருமே பேசவில்லை? ஐஎம்சிஏ என்ற ரேஸ் அமைப்பு 1979-ல் இங்கே வின்டன் ஊரில் மாடிஃபைட் வகுப்பைத் தொடங்கியபோது அடிப்படையே அதுதான். ரேஸ் முடிந்ததும், முன்னால் வந்தவரின் எஞ்சினை விதியில் சொன்ன சிறு தொகைக்குப் பின்னால் வந்தவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கொடுக்க மறுத்தால் பரிசும் புள்ளியும் போய்விடும். இருபதாயிரம் டாலர் எஞ்சினை யார் சில நூறு டாலருக்குப் பறிகொடுப்பார்? கட்டும்போதே கை அடங்கிவிடும். சோதனை ஆளும் வேண்டாம், சீலும் வேண்டாம். இன்றைக்கும் செப்டம்பரில் அந்த அமைப்பின் பெரிய போட்டிக்கு இங்கே பூன் ஊருக்கு நூற்றுக்கணக்கான கார்கள் வருகின்றன என்றால், விதி அடிக்கடி மாறாததும் ஒரு காரணம்.

மான்டிகார்லோ83:
இதைத்தான் எதிர்பார்த்தேன். இதற்கு நான் முதல் ஆளாகக் கையெழுத்து போடுவேன். என் எஞ்சினை யார் கேட்டாலும் கொடுப்பேன்.

இடதுவளைவு:
அண்ணா, கோபப்படாதீர்கள். இதைக் கேட்டால் நன்றாக இருக்கிறது, வாரம் ஒருமுறை முகம் பார்த்துக்கொள்ளும் சின்ன ஊரில் நடக்குமா? இருபது கார் ஓடுகிற இடம். ஒருவரின் எஞ்சினை நான் கேட்டு வாங்கினால் அடுத்த வாரம் வளைவில் அவர் என்னைச் சுவரில் வைத்து அடிப்பார். காசுள்ளவர் உங்கள் நல்ல எஞ்சினையே சல்லிசாக வாங்கிப் போய்விட்டால்? நீங்களும் மகனும் ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்டிய எஞ்சின் அல்லவா அது.

மான்டிகார்லோ83:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்க வேண்டும்.

டயர்வாசனை:
பொதுவாக ஒன்று சொல்கிறேன். இந்தத் தகராறு புதிதில்லை. நாஸ்கார் என்ற அமெரிக்க ரேஸ் அமைப்பு தன் முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' (எதையும் மாற்றாத கார்) ரேஸை 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் முக்கால் மைல் மண் தடத்தில் நடத்தியது. முதலில் வந்தவர் க்ளென் டனவே. பின் ஸ்பிரிங்கில் கைவைத்திருந்தது என்று அவரைத் தகுதி நீக்கி, ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். கார் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். விதி போட்டவருக்கே அதிகாரம் என்று அன்றே முடிவானது. அதனால்தான் விதி போடுகிறவர் யாரைக் கேட்டுவிட்டுப் போடுகிறார் என்பது எனக்கு முக்கியம். இந்த மாற்றங்களை எழுதும் முன் எத்தனை ஓட்டுநர்களைக் கேட்டார்கள்?

மான்டிகார்லோ83:
ஒருவரையும் இல்லை.

பிட்லேன்அக்கா:
எங்களையும் கேட்கவில்லை. நான் 602-க்கு எதிரி இல்லை. மகளுக்கு அதுதான் சுலபம். ஆனால் வருடா வருடம் ஒன்று மாறுவதுதான் எங்களைக் கொல்கிறது. போன வருடம் ஷாக் விதி மாறியது, நான்கு ஷாக் புதிதாக வாங்கினோம். பழையது கராஜில் தொங்குகிறது, வாங்க ஆளில்லை, ஏனென்றால் அது எந்த வகுப்பிலும் இப்போது செல்லாது. நூறு மைல் தள்ளி இன்னொரு டிராக்குக்குப் போனால் அங்கே வேறு கார்புரேட்டர், வேறு எடை. காரை விற்றுவிடலாமா என்று என் வீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார்.

இடதுவளைவு:
அக்கா, இந்த இடத்தில் நான் உங்களோடு சேர்கிறேன். 602 வரட்டும் என்பேன், பழைய எஞ்சினைத் துரத்த வேண்டும் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். இந்த வகுப்பில் நாம் ஓட்டும், 1978 முதல் 1988 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸின் மெட்ரிக் சேசிஸ் (ஒரே வகை அடிச்சட்டம்) கார்களே கிடைப்பது அரிதாகிவிட்டது. மாலிபு, கட்லஸ், ரீகல் எல்லாம் முன்பு காயலான் கடையில் வரிசையாக நிற்குமாம். நான் ஒரு நல்ல ஃப்ரேமுக்கு நான்கு மாதம் அலைந்தேன். இருக்கிற கார்களையும் விதியால் வெளியே தள்ளினால் சனிக்கிழமை யாரோடு ஓட்டுவது?

ஆனால் எடை விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. நன்றாகக் கட்டிய 350 நேர்ப்பாதையில் என்னை விட்டுவிட்டுப் போகிறது. ஏதாவது சமன் வேண்டும்.

மான்டிகார்லோ83:
நூறு பவுண்டு அதிகம். வலது முன் டயர் பத்தே சுற்றில் போய்விடும், மறுபடி அக்கா சொன்ன டயர் செலவுதான் வந்து நிற்கும். ஐம்பது என்றால் பேசலாம். இல்லாவிட்டால் 602-க்கு அதிகக் காற்று போகும் நான்கு பேரல் கார்புரேட்டர், எங்களுக்குப் பழைய 500 இரண்டு பேரல், அதாவது என்னிடம் இருக்கும் 4412. பல இடங்களில் அப்படித்தான் சமன் செய்கிறார்கள்.

இடதுவளைவு:
கார்புரேட்டர் வழி எனக்குச் சரி.

கோவைக்காரன்:
அண்ணா, நீங்கள் சொன்ன வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். புது வகுப்பு வேறு, இருக்கிற வகுப்பை மாற்றுவது வேறு.

மான்டிகார்லோ83:
வருகிற சனிக்கிழமை டிராக்கில் ஓட்டுநர் கூட்டம் இருக்கிறது. மூன்று விஷயம் எழுதிக் கொண்டுபோகிறேன். பழைய எஞ்சினுக்குக் கடைசித் தேதி வேண்டாம். ஓர் இரவுக்கு ஒரு புது டயர். இப்போது எழுதுகிற விதி மூன்று சீசன் மாறாது என்று எழுத்தில் வேண்டும். யார் யார் கையெழுத்து போடுகிறீர்கள்?

பிட்லேன்அக்கா:
மூன்றுக்கும் போடுகிறேன். டயரை முதலில் எழுதுங்கள்.

இடதுவளைவு:
முதல் இரண்டுக்குப் போடுகிறேன். மூன்றாவதை இப்படியே எழுதினால் போடமாட்டேன். எடையோ கார்புரேட்டரோ தவறாக அமைந்துவிட்டால் மூன்று வருடம் பின்னாலேயே ஓட வேண்டியிருக்கும். முதல் சீசன் பாதியில் ஒருமுறை திருத்தலாம் என்று சேருங்கள், அப்போது போடுகிறேன்.

மான்டிகார்லோ83:
ஒருமுறை மட்டும், ஜூலைக்கு முன்னால். எழுதிவிட்டேன். சனிக்கிழமை நான்கு மணிக்கு பிட் கேட்டில் இருப்பேன்.