எஸ்எஸ்எச் நுழைவு: நிலையான சாவியா, குறுகிய காலச் சான்றிதழா?

நெய்தல்:
தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்எஸ்எச்சில், கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுப் பொதுச் சாவியால் (பயனரிடம் உள்ள இரகசியச் சாவிக்கு இணையாகச் சர்வரில் வைக்கும் சாவி) மட்டும் சர்வருக்குள் நுழைவது சரிதான். ஆனால் அந்தச் சாவிகளைச் சர்வர்தோறும் யார் யார் நுழையலாம் என்று பட்டியலிடும் 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பில் சேர்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காலாவதியை நாமே எழுதிவைத்தாலொழிய அவை என்றைக்கும் செல்லும். வேலையை விட்டுச் சென்றவரின் சாவி எந்தெந்த இயந்திரத்தில் கிடக்கிறது என்று தேடி அலைய வேண்டியிருக்கும். பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் 2010இல் வந்த 5.4 பதிப்பிலிருந்தே சான்றிதழ் வசதியைத் தருகிறது. சான்றிதழ்களில் கையொப்பமிடும் 'சான்றளிக்கும் சாவி' ஒன்றை மட்டும் சர்வர் நம்பும்; பணியாளர் காலையில் தம் அடையாளத்தை நிறுவி, எட்டு மணி நேரம் மட்டும் செல்லும் சான்றிதழைப் பெறுவார்; மாலையில் அது தானாகவே செல்லாததாகிவிடும்.

கல்தச்சன்:
சிதறிக் கிடந்த ஆபத்தை நீங்கள் ஒரே இடத்தில் குவிக்கிறீர்கள். சான்றளிக்கும் சாவி களவுபோனால், களவாடியவர் தாம் விரும்பிய பயனர் பெயருக்குச் சான்றிதழ் எழுதிக்கொண்டு எல்லாச் சர்வருக்குள்ளும் நுழையலாம். நள்ளிரவில் சான்றிதழ் வழங்கும் சேவையே விழுந்துவிட்டால், அதைச் சரிசெய்ய உள்ளே போவது எப்படி? 2020இல் வெளியான 8.2 பதிப்பு ஃபைடோ என்ற பொதுத் தரத்தில் அமைந்த, சிறு கருவி வடிவிலான வன்பொருள் சாவிகளை ஏற்கத் தொடங்கியது. மடிக்கணினியிலிருந்து சாவிக் கோப்பைத் திருடினாலும், அந்தச் சிறு கருவி கையில் இல்லாமல், இயல்பு அமைப்பில் அதை விரலால் தொடாமல், உள்ளே வர முடியாது. சிறு குழுவுக்கு இதுவும், 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பை, பல சர்வர்களை ஒருசேர அமைக்கும் கருவியான அன்சிபிள் வழியாகப் பராமரிப்பதும் போதும்.

நெய்தல்:
அன்சிபிள் ஓடிய நேரத்தில் அணைந்திருந்த சர்வரில், நீக்கிய சாவி அப்படியே இருக்குமே. நள்ளிரவு குறித்த கேள்வி நியாயமானது. அதற்கென்று தனிக் கணக்கு ஒன்றை வன்பொருள் சாவியோடு ஒதுக்கி வைக்கலாம். நீங்கள் தொடாத பக்கம் ஒன்று இருக்கிறது: எதிரே இருப்பது நம் சர்வர்தான் என்று எதை வைத்து நம்புகிறோம்? முதல் முறை இணையும்போது திரையில் வரும் சாவியின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் சுருக்கக் குறியீட்டை) ஒப்பிடாமலே 'யெஸ்' என்று தட்டுவதுதான் பலருக்கும் பழக்கம். சர்வருக்கும் சான்றிதழ் வழங்கி, அதை மட்டுமே நம்பும்படி அமைத்தால், இடையில் புகுந்த போலிச் சர்வர் அங்கேயே பிடிபடும்.

ஆற்றுப்படுகை:
சர்வரில் இயங்கி இணைப்புகளை ஏற்கும் எஸ்எஸ்எச்டி நிரல் பழுதற்றது என்று வைத்துக்கொண்டே இருவரும் பேசுகிறீர்கள். 2024 மார்ச்சில் தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலகத்தில் அகப்பட்ட பின்கதவு, சில லினக்ஸ் வழங்கல்களில் எஸ்எஸ்எச்டி வழியாக, அதை வைத்தவருக்கு எந்தச் சரிபார்ப்பும் இன்றி ஆணைகளை இயக்க வழிவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் வெளியான எஸ்எஸ்எச்டியின் 'ரெக்ரெஎஸ்எஸ்எச்அயன்' பழுதும் நுழைவுச் சோதனைக்கு முன்பே தாக்கக்கூடியது. முதலில் எஸ்எஸ்எச் இணைப்புகள் வரும் 22ஆம் போர்ட்டை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்காமல், வயர்கார்டு போன்ற விபிஎன் என்ற மறையாக்கிய தனி வலையமைப்புக்குப் பின்னால் கொண்டுபோங்கள்.

கல்தச்சன்:
அதில் எனக்கு மறுப்பில்லை. நெய்தல் சொன்ன சர்வர் சான்றிதழையும் ஏற்கிறேன். அதற்கான சாவியை இணையத்தோடு தொடர்பில்லாத கணினியில் வைத்து, புதிய சர்வர் வரும்போது மட்டும் எடுக்கலாம். பயனர் சான்றிதழுக்கோ சான்றளிக்கும் சாவி நாள் முழுவதும் இணைப்பில் விழித்திருக்க வேண்டும். அதைக் காக்கத் தனி ஆள் இல்லாத குழுவுக்கு நான் இன்னும் பயனர் சான்றிதழைப் பரிந்துரைக்க மாட்டேன்.