கலைச்சொல்: ஷேவிங் பிரஷ்ஷில் ‘செயற்கை முடி’யா, ‘செயற்கை இழை’யா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஷேவிங் பிரஷ்ஷுக்கான பயனர் கையேடு ஒன்று தமிழாகிக்கொண்டிருக்கிறது. ‘சவரத் தூரிகை’ ஏற்கெனவே புழங்கும் சொல், அதில் சிக்கலில்லை. சிக்கல் வகைகளில் தொடங்குகிறது. கடைகளில் ‘இயற்கை முடி’, ‘செயற்கை முடி’ என்று எழுதி விற்கிறார்கள். செயற்கை முடி என்றால் சவுரியும் டோப்பாவும்தான் கண்முன் வருகின்றன. அதைவிடப் பெரிய குறை, ‘இயற்கை’ என்றதுமே அது உசத்தி, மற்றது மட்டம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. இன்றைய செயற்கைத் தூரிகைகளுக்கு அது பொருந்தாது.

இரு வகைக்கும் சரியான பெயர் வேண்டும். கூடவே நாட் (கைப்பிடியில் பதிந்த முடித்தொகுதி), லாஃப்ட் (அது வெளியே தெரியும் அளவு), பேக்போன் (அழுத்தினால் மடங்காமல் நிற்கும் தன்மை), பிரேக்-இன் (புதுத் தூரிகை மென்மையாகும் வரையான நாட்கள்) ஆகியவற்றுக்கும். வாங்குபவருக்கு எதை எடுப்பது, எப்படிப் பேணுவது என்று புரியும்படியான சொற்களாக இருக்க வேண்டும்.

— சென்னை

•

வணக்கம்.

பிறப்பிடத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பாருங்கள். இரண்டையும் பிரிப்பது தண்ணீர்தான்.

விலங்கு முடி கெரட்டின் என்ற புரதம். நன்றாக ஊறினால் தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், பருக்கும், இளகும். செயற்கைத் தூரிகைகளில் இன்று பெரும்பாலும் இருப்பது பிபிடி எனப்படும் ஒருவகை பாலியஸ்டர். அது உறிஞ்சுவது அரை விழுக்காடுகூட இல்லை. அதில் தண்ணீர் இழைக்குள் போவதில்லை, இழைகளுக்கு நடுவே தேங்கி நிற்கிறது. மற்ற எல்லா வேறுபாடுகளும் இதிலிருந்து வருபவை.

பன்றிமுடித் தூரிகையை மூன்று முதல் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைக்காமல் எடுத்தால் கன்னத்தில் கீறும். அது மட்டுமல்ல, சோப்பில் இருக்கும் ஈரத்தையும் முடியே குடித்துவிடுவதால் பாதிச் சவரத்தில் நுரை வறண்டுபோகும். வளைக்கரடி (பேட்ஜர் என்ற சிறு விலங்கு) முடிக்கு ஒரு நிமிடம் போதும். செயற்கையை ஊறவைப்பதே வீண். நனைத்து, மூன்று முறை உதறி, நேரே சோப்புக்குப் போகலாம். உதறாவிட்டால் தேங்கிய தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கி, குமிழி குமிழியாக ஒட்டாத நுரைதான் வரும். ‘இது மலிவு, நுரை நிற்காது’ என்று புதிதாக வாங்கியவர்கள் திட்டுவது பெரும்பாலும் இதனால்தான். சோப்பின் மேல் சுழற்ற இதற்குப் பத்துப் பதினைந்து நொடி போதும். பன்றிமுடிக்கு அரை நிமிடமாவது வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: ‘முடித் தூரிகை’, ‘இழைத் தூரிகை’. முடி என்றால் ஊறவை, இழை என்றால் உதறு. இயற்கை, செயற்கை என்ற அடைமொழிகளே தேவையில்லை.

— கோவை

•

வணக்கம்.

இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் ‘மயிர்’ என்றே எழுதிப் பழகியவர்கள். நீங்கள் வேர்த்தூவி என்பதை இங்கே வேர்மயிர் என்கிறோம். தமிழ்நாட்டில் அந்தச் சொல் வசையாகிவிட்டதால் ஒரு கையேட்டின் அட்டையில் அதை வலியுறுத்த மாட்டேன். ‘முடி’ இரு பக்கத்துக்கும் விளங்கும். ‘தூவி’யையும் யாராவது முன்மொழியக்கூடும், அது பறவையின் மெல்லிறகு, பன்றியின் முரட்டு மயிருக்குப் பொருந்தாது.

‘சிந்தெடிக்’ என்பதற்கு இங்கே ‘தொகுப்பு’ என்ற வழக்கு உண்டு; உங்கள் ஒளிச்சேர்க்கை எங்களுக்கு ஒளித்தொகுப்பு. ஆனால் ‘தொகுப்பிழை’ என்று எழுதினால் ‘தொகுப்பில் பிழை’ என்றும் பிரித்துப் படிக்கலாம். அதனால் கோவை அண்ணனின் ‘இழை’யே நல்லது. ஒரே ஒரு திருத்தம்: பட்டும் பருத்தியும்கூட இழைதான். கலைச்சொல் பட்டியலில் ‘செயற்கை இழைத் தூரிகை’ என்று முழுப்பெயரைப் பதிந்துவிட்டு, கையேட்டுக்குள் ‘இழைத் தூரிகை’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.

— யாழ்ப்பாணம்

•

வணக்கம் நண்பர்களே.

‘முடித் தூரிகை’ பொதுப்பெயராக இருக்கட்டும். ஆனால் விற்பனை அட்டையில் அது மட்டும் போதவே போதாது. எந்த விலங்கின் முடி என்பது பெயரிலேயே வர வேண்டும்: பன்றிமுடித் தூரிகை, குதிரைமுடித் தூரிகை, வளைக்கரடிமுடித் தூரிகை. மலேசியாவில் பன்றி, நாய் ஆகியவற்றின் எந்தப் பாகத்தால் செய்த பொருளிலும் அதைக் குறிப்பிட வேண்டும் என்று 2013 முதல் ஆணை உள்ளது. 2017இல் அப்படிக் குறிப்பிடாத பன்றிமுடி பெயிண்ட் பிரஷ்களைக் கடைகடையாகப் பறிமுதல் செய்தார்கள். பன்றியைத் தொடாத இஸ்லாமியரும், விலங்குப் பொருளே வேண்டாம் என்பவரும் அட்டையைப் படித்ததும் முடிவெடுக்க முடிய வேண்டும். வாயில் படுகிற பொருள் இது.

உடல்நலக் காரணமும் உண்டு. முதல் உலகப்போர்க் காலத்தில் ரஷ்ய வளைக்கரடி முடியின் வரத்து நின்றுபோக, குதிரைமுடியைச் சாயமேற்றி வளைக்கரடி போலச் செய்து விற்றார்கள். சரியாகக் கிருமி நீக்காத முடியிலிருந்து 1915 முதல் 1924 வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பலருக்கு முகத்தில் ஆந்த்ராக்ஸ் வந்தது, படைவீரர்கள் உட்பட. இப்போது முடியைப் பதப்படுத்தியே விற்கிறார்கள், அந்த அச்சம் தேவையில்லை. ஆனால் விலங்கின் பெயரை மறைத்து விற்கும் பழக்கம் நூறாண்டு பழையது.

‘வளைக்கரடி’ பற்றி ஒரு தயக்கம். கரடி முடி என்று நினைத்துவிடுவார்களே? ‘பேட்ஜர்’ என்றே விட்டுவிடலாமா?

— கிள்ளான்

•

வணக்கம். சலூன் சாமான் விற்கும் இடத்திலிருந்து சில குறிப்புகள்.

‘பேட்ஜர்’ என்று மட்டும் போட்டால் ஏமாற வாய்ப்பு கூடுதல். வெள்ளை நுனி, கறுப்பு நடு என்று பட்டை பட்டையாகச் சாயமேற்றிய பிபிடி இழையை ‘பேட்ஜர் கலர்’ என்கிறார்கள். வாங்குபவர் காதில் ‘பேட்ஜர்’ மட்டும்தான் விழுகிறது. எனவே ‘வளைக்கரடி’யே இருக்கட்டும். முதல் இடத்தில் மட்டும் ‘பேட்ஜர் எனப்படும் வளைக்கரடி, இது கரடியன்று’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சந்தேகம் வந்தால் ஒரே ஒரு முடியைப் பிடுங்கி இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டினால் தெரிந்துவிடும். முடி பொசுங்கும், தலைமுடி கருகும் நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் நசுங்கித் தூளாகும். இழை உருகிச் சுருண்டு நுனியில் கெட்டியான மணியாக நிற்கும். ஆறிய பிறகு அதை நசுக்க முடியாது. சூடாக இருக்கும்போது தொட்டுவிடாதீர்கள், தோலில் ஒட்டிக்கொள்ளும்.

வளைக்கரடியின் தரப்பெயர்களை மொழிபெயர்க்கவே வேண்டாம். பியூர், பெஸ்ட், சூப்பர், சில்வர்டிப் என்று ஏறுவரிசையில் சொல்வார்கள். ‘பெஸ்ட்’டைச் ‘சிறந்தது’ என்று போட்டால், அதற்கு மேலே இன்னும் இரண்டு இருப்பது யாருக்குத் தெரியும்? அதிலும் இவற்றுக்குப் பொது அளவுகோல் இல்லை. ஒரு நிறுவனத்தின் சூப்பர் இன்னொன்றின் பெஸ்ட்டாக இருக்கலாம்.

‘முடி கொட்டுகிறது’ என்ற புகாருக்கு இரண்டு சொல் வேண்டும். விழுந்த முடியை எடுத்துக் கற்றையோடு வைத்து நீளம் பாருங்கள். முழு நீளத்துக்கும் சற்று அதிகமாக, அடியில் பசை ஒட்டியபடி இருந்தால் வேரோடு கழன்றது, அது ‘உதிர்வு’. புதுசில் ஐந்தாறு சவரம் வரை சில முடிகள் உதிர்வது இயல்பு. அதற்குப் பிறகும் நின்றபாடில்லை என்றால் பசை சரியில்லை, மாற்றிக் கேட்கலாம். குட்டையாக இருந்தால் நடுவில் ஒடிந்தது, அது ‘முறிவு’. அதற்குக் காரணம் பயன்பாடு: தூரிகையை முகத்தில் குத்தி அழுத்தி ஒரே இடத்தில் சுழற்றுவது. அப்படிச் செய்தால் கற்றையின் நடுவில் முடி ஒடிந்து பள்ளம் விழும். அதை ‘நடுக்குழி’ என்கலாம். நுனியை மட்டும் விரித்து, பெயிண்ட் அடிப்பது போல இப்படியும் அப்படியும் தடவினால் நடுக்குழி வராது.

சலூனுக்கு இழைத் தூரிகையைத்தான் சொல்வோம். ஒவ்வொருவருக்கும் பின் கிருமிநாசினியில் முக்க வேண்டும், பிளீச்சிங் கரைசல் கெரட்டினைத் தின்றுவிடும். முடித் தூரிகை ஒருவர் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வது.

பேக்போனை ‘முதுகெலும்பு’ ஆக்கிவிடாதீர்கள். எல்லோரும் சொல்வது ‘விறைப்பு’தான்.

— மதுரை

•

மதுரைத் தம்பியின் உதிர்வு, முறிவு, நடுக்குழி மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். விறைப்பும் சரி.

நாட்: ‘முடிச்சு’ என்றால் கட்டிய முடிச்சு. இங்கே இருப்பது எபாக்சிப் பசையில் பதித்த கற்றை. ‘கற்றை’யே போதும், முடிக்கற்றை, இழைக்கற்றை என்று இரு வகைக்கும் பொருந்துகிறது. அதன் தலைப்பு வடிவங்களுக்கு ‘மொட்டு’, ‘விசிறி’ என்று வைப்போம். வளைக்கரடி முடியை நுனியில் கத்தரிப்பதில்லை. கிண்ணம் போன்ற குழியச்சில் நுனி கீழே இருக்கும்படி போட்டுத் தட்டுகிறார்கள். குழியின் வளைவுக்கு ஏற்ப ஒவ்வொரு முடியும் இறங்கி நிற்க, மொட்டு உருவாகிறது. பிறகுதான் அடியைக் கட்டிப் பசையிடுவது. நுனியின் இயல்பான கூர்மை அதனால்தான் கெடாமல் இருக்கிறது. இழைக்கும் இதே போன்ற கூர்நுனி தேவை என்பதால் பிபிடியின் நுனியைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்து மெலியவைக்கும் முறை இருக்கிறது. தடித்த நைலானை வெட்டி அப்படியே பதித்த பழைய தூரிகைகளில் இது கிடையாது. செயற்கைக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தவை அவைதான்.

பிரேக்-இன் என்பதற்குப் ‘பழகுகாலம்’ என்று முன்மொழிகிறேன். இது பன்றிமுடிக்கே உரியது. பத்து, இருபது சவரத்தில் ஒவ்வொரு முடியின் நுனியும் இரண்டு மூன்றாகப் பிரிந்து மென்மையாகிறது. அந்தப் பிரிந்த நுனிக்கு ‘கிளைநுனி’. ‘நுனிவெடிப்பு’ என்று எழுதினால் தலைமுடிக் கோளாறு என்று நினைத்துப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இழைத் தூரிகைக்குப் பழகுகாலமே இல்லை. முதல் நாள் எப்படியோ ஓராண்டு கழித்தும் அப்படியே.

— கோவை

•

நன்றி. ஏற்ற சொற்களை வைத்துக் கையேட்டின் தேர்வுப் பகுதியை எழுதிப் பார்த்தேன்:

“தினமும் சவரம் செய்பவர், பயணம் அதிகம் உள்ளவர், ஒரே தூரிகை போதும் என்பவர் இழைத் தூரிகையை வாங்கலாம். சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். முடித் தூரிகை முழுதாக உலர ஒரு நாளுக்கு மேல் ஆகும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் தினமும் ஒரே முடித் தூரிகையைப் பயன்படுத்தினால் கற்றையின் அடியில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தவும். கெட்டியான சோப்பிலிருந்து நுரை எடுக்க விறைப்பான பன்றிமுடி நல்லது. பழகுகாலம் வரை பொறுக்க வேண்டும். எவ்வகையானாலும் கொதிநீர் கூடாது: பசை இளகும், முடி வறண்டு ஒடியும், வளைந்த இழை அந்த வளைவிலேயே நின்றுவிடும். கை பொறுக்கும் சூடு போதும். உப்புத் தண்ணீர் ஊர்களில் சோப்பும் கால்சியமும் சேர்ந்து கற்றையில் வெள்ளையாகப் படியும். ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சில நிமிடம் அலசி, நல்ல நீரில் கழுவி, பிழியாமல் உதறி, காற்றோட்டத்தில் வைக்கவும். குளியலறை அலமாரிக்குள் மூடி வைக்க வேண்டாம்.”

லாஃப்ட் மட்டும் மீதி. ‘முடி நீளம்’ என்று போடலாமா?

— சென்னை

•

‘நீளம்’ தவறாகிவிடும். முடியின் ஒரு பகுதி கைப்பிடிக்குள் பசையில் புதைந்திருக்கிறது. நாம் அளப்பது வெளியே தெரியும் பகுதியை மட்டும். ‘கற்றை உயரம்’ என்பேன். இழைக்கும் பொருந்தும்.

எண்ணும் கூடவே வர வேண்டும். விட்டம் 24 மி.மீ. என்றால் உயரம் 50 மி.மீ. அளவில் இருப்பது நடுத்தரம். அதே விட்டத்தில் உயரம் குறைந்தால் விறைப்பு கூடும், கூடினால் தளரும். பன்றிமுடி இயல்பிலேயே தடித்தது என்பதால் அதற்கு 55 மி.மீ.க்கு மேல் விடுவார்கள். இதைத் தெரியாமல், அட்டையில் இருக்கும் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள்.

— யாழ்ப்பாணம்

•

‘கற்றை உயரம்’ ஏற்பு. எங்கிருந்து எதுவரை என்பதையும் முடிவு செய்துவிடுவோம்: உலர்ந்த தூரிகையில், கைப்பிடியின் மேல் விளிம்பிலிருந்து மொட்டின் உச்சிவரை. சிலவற்றில் பசை விளிம்புக்கு மேலே மேடாக எழும்பியிருக்கும், விரலால் கற்றையைப் பிரித்து அழுத்தினால் கெட்டியாகத் தட்டுப்படும். அந்தப் பகுதி வளையாது என்பதால் உண்மையான விறைப்பு அளவைவிடக் கூடுதலாக இருக்கும். அதைப் ‘பசைமேடு’ என்று படத்தில் தனியாகக் குறித்துவிடுங்கள்.

— மதுரை