வெளிநாடு சென்ற ஆண்டில் பிடித்த வரி: திரும்பக் கிடைத்ததும் அதற்கான காரணமும்

கிளிநொச்சியான் எழுதியது:

2024 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் திகதி இரவு கட்டுநாயக்காவில் விமானம் ஏறி டோகாவுக்கு வந்தேன். அதற்கு முன்னர் கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட நிறுவனம் ஒன்றின் கிளிநொச்சிக் கிளையில் மாதம் 200,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்தேன். ஏப்ரல் முதல் ஜூலை வரையான நான்கு மாதங்களிலும் மாதத்துக்கு 10,500 ரூபாய் வீதம் ஏபிஐரி என்று நாங்கள் சொல்லும் முற்பண வருமான வரியைக் கழித்தார்கள். மொத்தம் 42,000 ரூபாய். இந்தக் காசை நான் எப்படித் திரும்பப் பெற்றேன் என்பதையும், அதைப் பெற வேண்டும் என்று நான் நினைத்திருந்த காரணம் முற்றிலும் பிழையாக இருந்ததையும் எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் அறையில் இருக்கும் வன்னிப் பொடியன்கள் ஐந்து பேரும் இன்று வரை அந்தப் பிழையான காரணத்தைத்தான் நம்புகிறார்கள்.

அவர்களுடைய கணக்கு மிகவும் எளிமையானது. வெளிநாடு போனவன் இலங்கையில் வதியாதவன், அதாவது வரிக்கணக்கில் இங்கே குடியிருப்பவனாகக் கொள்ளப்படாதவன். வதியாதவனுக்கு இலங்கையில் வரி இல்லை. ஆகவே வெளிநாடு போன ஆண்டில் பிடித்ததெல்லாம் திரும்பி வரவேண்டும். நானும் அப்படியே நினைத்து, நான் வதியாதவன் என்று ஒரு கடிதம் எழுதித் தம்பியிடம் அனுப்பினேன். அவன் அதை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் உள்ள உள்நாட்டு இறைவரித் திணைக்களப் பிராந்திய அலுவலகத்துக்குச் சென்றான். அங்கிருந்த உத்தியோகத்தர் கடிதத்தை வாசித்துவிட்டு, “அண்ணா எப்ப வெளிக்கிட்டவர்?” என்று மட்டும் கேட்டிருக்கிறார். தம்பி திகதியைச் சொன்னதும், கடிதத்தைத் திருப்பி அதன் பின்புறத்தில் ஒரு நீளக் கோடு போட்டு, ஒரு முனையில் 2024 ஏப்ரல் 1 என்றும் மறுமுனையில் 2025 மார்ச் 31 என்றும் எழுதினாராம். அதன் கீழே இன்னொரு கோடு, 2023 ஜூலை 31 இல் தொடங்கி 2024 ஜூலை 30 இல் முடிகிறது. அந்தத் தாளைத் தம்பி படம் பிடித்து எனக்கு அனுப்பினான். இன்றும் என் கைப்பேசியில் இருக்கிறது.

அந்த இரண்டு கோடுகளின் பொருள் இதுதான். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி, மதிப்பீட்டாண்டு எனப்படும், ஏப்ரல் முதல் மார்ச் வரையான வரி ஆண்டுக்குள் மட்டும் 183 நாட்கள் இருந்தோமா என்று எண்ணினால் போதாது. அந்த ஆண்டில் தொடங்குகிற அல்லது முடிகிற எந்தப் பன்னிரண்டு மாத காலத்தை எடுத்தாலும், அதில் 183 நாட்களோ அதற்கு மேலோ இலங்கையில் இருந்திருந்தால் நாம் வதிவுள்ளவர்தான். நான் ஏப்ரலில் இருந்து எண்ணி 121 நாட்கள் என்று மகிழ்ந்திருந்தேன். ஆனால் இரண்டாவது கோடு முடிகிற நாள் 2024/25 ஆம் ஆண்டுக்குள் விழுகிறது, அந்தக் கோடு முழுவதும் நான் ஊரில்தான் இருந்திருக்கிறேன். ஆகவே வெளிநாடு போன அந்த ஆண்டில் நான் வதிவுள்ளவன். இது போதாதென்று, இலங்கையில் வசிப்பவர் வதிவுள்ளவர் என்ற தனி விதியும் அதே பிரிவில் இருப்பதால், வீடும் மனைவி பிள்ளைகளும் ஊரில் உள்ள எங்களைப் போன்றவர்கள் நாட்களை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அப்படியானால் 42,000 போய்விட்டதா என்று தம்பி கேட்டதற்கு, போகவில்லை, அதற்கும் வதிவுக்கும் தொடர்பில்லை என்றாராம் அந்த உத்தியோகத்தர். அந்த ஆண்டில் தனிநபர் நிவாரணம், அதாவது ஒருவருக்கு வரியில்லாமல் விடப்படும் வருமானம், 1,200,000 ரூபாய். சம்பளத்தில் வரி கழிக்கும்போது அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதத்துக்கு 100,000 மட்டும் விட்டுவிட்டு, அடுத்த 41,667 ரூபாய்க்கு 6 வீதம், அதற்கடுத்த 41,667 ரூபாய்க்கு 12 வீதம், என் சம்பளத்தின் மிகுதிக்கு 18 வீதம் என்று கழித்தார்கள். ஆண்டு முழுவதும் அதே சம்பளம் வரும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்ட அட்டவணை அது. நான் நான்கு மாதங்களில் பெற்றதோ 800,000 ரூபாய்தான். எட்டு மாதங்களுக்கான நிவாரணம் தொடப்படாமல் கிடந்தது. ஊரிலேயே இருந்து ஜூலை முடிவில் வேலையை மட்டும் விட்டிருந்தாலும் இதே தொகை எனக்கு வந்திருக்கும்.

வதிவுள்ளவன் என்பதால் எனக்கு ஒரு சிக்கலும் வந்தது. வதிவுள்ளவருடைய உலகளாவிய வருமானம் முழுவதும் கணக்குக்கு வரும். கட்டாரில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை என்பதால் அங்கே கட்டியதைக் காட்டிக் கழிக்கவும் வழியில்லை. நல்ல காலமாக, வெளிநாட்டில் உழைத்து வெளிநாட்டு நாணயமாக வங்கி மூலம் இலங்கைக்கு அனுப்பிய பணத்துக்கு அந்த ஆண்டில் விலக்கு இருந்தது. இங்கேதான் நான் வெட்கத்துடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் இரண்டு மாதங்களும் நாணய மாற்று விலை கூட என்று, வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் பணம் அனுப்பும் உண்டியலில் அனுப்பினேன். உண்டியலில் போன காசையும் இங்கே சாப்பாட்டுக்குச் செலவழித்ததையும் கூட்டினால் ஏறத்தாழ 350,000 ரூபாய். அதையும் வருமானமாகக் காட்டினேன். மொத்தம் 1,150,000. 1,200,000 ரூபாய் எல்லைக்குள் 50,000 ரூபாய் இடைவெளியில் தப்பினேன். இன்னும் இரண்டு மாதம் உண்டியலை நம்பியிருந்தால் எல்லையைத் தாண்டி, மீளளிப்பில் ஒரு பகுதி வரியாகக் கழிந்திருக்கும்.

வேலைகளில் அலைச்சல் தந்தது ஒன்றே ஒன்று. சம்பளத்தில் கழித்த வரியைக் காட்டிப் பழைய நிறுவனம் தந்த ரி-10 சான்றிதழில் என்னுடைய பழைய அடையாள அட்டை இலக்கத்தை, அதாவது ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் உள்ளதை, அடித்திருந்தார்கள். என் வரி அடையாள இலக்கமோ புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் பதிவாகியிருந்தது. திருத்திய சான்றிதழை வாங்கத் தம்பி கரடிப்போக்குச் சந்தியிலிருந்து மூன்று முறை அந்தக் கிளைக்குப் போய் வந்தான். 2025 செப்டெம்பரில் இணையவழியில் வருமான வரி விவரத்திரட்டைக் கொடுத்தேன். கடைசி நாள் நவம்பர் 30. பணம் என் வங்கிக் கணக்கில் விழுந்தது.

முள்ளியவளை அக்கா எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்தபோது என்னுடைய கதையைத்தான் வேறு நாட்டில் வைத்து எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றியது. நான் இங்கிலாந்தில் முதியோர் பராமரிப்பு வேலையில் மூன்று ஆண்டுகள் இருந்துவிட்டு, அம்மாவுக்குச் சுகமில்லாததால் ஓகஸ்ட் முடிவில் ஊருக்குத் திரும்பினேன். அங்கே வரி ஆண்டு ஏப்ரல் 6 இல் தொடங்குகிறது. மாதச் சம்பளம் 1,900 பவுண். அதில் மாதம் 170 பவுண் அளவில் வரி போனது. ஐந்து மாதத்தில் 852 பவுண். அங்குள்ள வரிவிலக்குத் தொகை ஆண்டுக்கு 12,570 பவுண், நான் அந்த ஆண்டில் உழைத்ததோ 9,500.

எனக்கும் எல்லாரும் சொன்னது, நாட்டை விட்டுப் போவதால் வதியாதவர் என்று எழுதுங்கள் என்பதுதான். ஏப்ரலில் இருந்து 148 நாட்கள்தானே அங்கே இருந்தேன். நல்ல வேளை, நான் அப்படி எழுதவில்லை. 2013 இல் இருந்து நடைமுறையில் உள்ள அந்நாட்டு வதிவு விதிகளில், 365 நாட்கள் முழுநேரமாக அங்கே வேலை செய்து, அந்தக் காலத்தின் ஒரு பகுதி வரி ஆண்டுக்குள் வந்தால் வதிவுள்ளவர் என்று ஒரு விதி உண்டு. நான் அதற்குள் வந்தேன். புறப்பட்ட நாளோடு ஆண்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம், ஆனால் வரிவிலக்குத் தொகையைப் பிரிக்க மாட்டார்கள், முழுவதும் கிடைக்கும். அந்த ஆண்டு முழுவதற்கும் வதியாதவர் என்று ஆகியிருந்தால், இலங்கைக் குடியுரிமை மட்டும் உள்ள எனக்கு அந்த 12,570 தானாகக் கிடைத்திருக்காது. வதியாதவர் என்ற பெயருக்கு ஆசைப்பட்டுக் கையிலிருந்த உரிமையை எழுதிக் கொடுக்கப் பார்த்தோமே என்று பிறகுதான் நெஞ்சு திடுக்கிட்டது.

வேலையை விடும்போது வேலை கொடுத்தவர் தந்த பி-45 பத்திரத்தோடு, நாட்டை விட்டுப் போவதை அந்நாட்டு வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும் பி-85 என்ற படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தில் பணத்தை வேறொருவர் பெயரில் கொடுக்கச் சொல்லி எழுதலாம். நான் அங்குள்ள மச்சாளின் பெயரைக் கொடுத்தேன். காசோலை முள்ளியவளைக்கு வந்திருந்தால் அதை மாற்றுவதற்கு நான் பட்ட பாட்டை இன்னொரு கதையாக எழுதியிருப்பேன். ஒரு முகவர் முப்பது வீதம் கேட்டார்; படிவமோ ஒரு மாலையில் நிரப்பக்கூடியது. தேசியக் காப்புறுதி என்று கழித்த பணம் மட்டும் திரும்பாது, அதை எதிர்பார்க்க வேண்டாம்.

வவுனியா ஓய்வூதியர் எழுதியது:

நான் வெளிநாட்டில் உழைக்கவில்லை, உழைப்பவனின் தாய். மகன் அனுப்பிய காசை என் பெயரில் நிலையான வைப்பில் போட்டிருந்தேன். வட்டியில் 5 வீதம் கழித்துக்கொண்டிருந்தவர்கள் 2025 ஏப்ரலில் இருந்து 10 வீதம் கழிக்கத் தொடங்கினார்கள். என் ஓய்வூதியத்துக்கு வரி இல்லை, வட்டியோ ஆண்டுக்கு ஐந்து இலட்சத்தைத் தாண்டாது. வரிக்குரிய வருமானம் 1,800,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்று வங்கியில் ஒரு வெளிப்படுத்தல் எழுதிக் கொடுத்த பின்னர் கழிக்கவில்லை. ஏற்கெனவே கழித்ததைப் பெற நானும் விவரத்திரட்டுக் கொடுக்க வேண்டும் என்பதால், கிளிநொச்சித் தம்பி எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

கிளிநொச்சியான் எழுதியது:

அம்மா, வங்கியிடம் கழித்த தொகைக்கான சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். எனக்கு ரி-10 போல உங்களுக்கு அதுதான் ஆதாரம்.

அக்கா, அடுத்த ஆண்டில் நான் என்ன ஆகிறேன் என்று கேட்டு உள்பெட்டியில் எழுதியிருந்தீர்கள். 2025/26 இல் ஒரு மாத விடுமுறைக்கு மட்டும் வந்தேன். கடவுச்சீட்டை விரித்து வைத்து, மை மங்கிப்போன முத்திரைகளை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு திகதியாக எழுதிப் பார்த்தேன்; எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 183 வரவில்லை. வசிப்பவர் என்ற மற்றைய விதியைப் பற்றி அதே உத்தியோகத்தரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். வதியாதவன் என்றே முடிவானாலும் இரணைமடு வாய்க்கால் பக்கம் குத்தகைக்குக் கொடுத்த இரண்டு ஏக்கர் வயலின் காசு இலங்கையில் கிடைக்கும் வருமானம் என்பதால் அதைக் காட்டத்தான் வேண்டும். குத்தகைக்காரர் இம்முறை காசுக்குப் பதிலாக எட்டு மூட்டை நெல்லை வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு என்ன விலை போடுவது என்று தம்பி இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறான்.