'கொண்டை ஊசி'யை 'கெரண்டை' என்று படிக்கிறார்கள், எழுத்து இடைவெளியில் என்ன தவறு?

செவ்வாய்ப்பேட்டை டிடிபி:
வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட விடுதிக்கு 8 அடி ஃப்ளெக்ஸ் போடுகிறேன். "20-வது கொண்டை ஊசி வளைவு தாண்டி இடப்புறம்" என்பது வாசகம். மேலே ஆங்கிலப் பெயர், கேப்பிட்டல் எழுத்துகளில் தாராளமாக இடைவெளி விட்டு அழகாக இருக்கிறது. தமிழும் அப்படியே வேண்டும் என்றார் விடுதிக்காரர். கோரல் டிராவில், பாமினி எழுத்துருவில், இடைவெளியைக் கூட்டினேன். மாதிரியைப் பார்த்த அம்மா "கெரண்டை ஊசி" என்று படித்தார். நாளை பிரிண்டுக்குப் போகணும், உதவுங்கள்.

அம்மாப்பேட்டை அச்சகம்:
தம்பி, அம்மா படித்ததில் தவறில்லை. ஆங்கில கேப்பிட்டல் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். நம் 'கொ' அப்படியல்ல. கொம்பு, க, கால் மூன்றும் சேர்ந்தால்தான் ஓர் எழுத்து. பாமினியில் இவை மூன்றும் தனித்தனி விசை. அதனால் மென்பொருள் மூன்றுக்கும் நடுவில் இடம் விடுகிறது. விலகிய கால் 'ர' ஆகிவிடும். ஓலைச்சுவடிகளில் காலும் ரகரமும் ஒரே வடிவம்தான், இடம் பார்த்துத்தான் பிரித்தறிந்தார்கள். 'கௌ' எழுதினால் இதே கதை, 'கெள' ஆகும். எழுத்து இடைவெளியைச் சுழியமாக்கிவிடு.

செவ்வாய்ப்பேட்டை டிடிபி:
மாற்றினேன் அண்ணா, இப்போது சரியாகப் படிக்க முடிகிறது. ஆனால் வரி குறுகி, வலப்பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது.

அம்மாப்பேட்டை அச்சகம்:
எழுத்தின் அளவைக் கூட்டு, சொற்களுக்கு நடுவில் மட்டும் கொஞ்சம் இடம் விடு. மலை ஏறும் வண்டியில் இருப்பவருக்கு, வளைவு திரும்பும்போது படிக்க ஓரிரு நொடிதான் கிடைக்கும். அவருக்குத் தேவை பெரிய எழுத்து. அதற்காக ரொம்ப நெருக்கியும் விடாதே. ண, ன சுழிகள் தூரத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஃப்ளெக்ஸ் டிசைனர், சூரமங்கலம்:
இடைவெளி கட்டாயம் வேண்டுமென்றால் எஃப் 10 அழுத்தி ஷேப் டூல் எடுங்கள். ஒவ்வொரு குறிக்கும் கீழே சின்னக் கட்டம் தெரியும். 'கொ'வின் மூன்றையும் சேர்த்துத் தேர்ந்து ஒன்றாக நகர்த்துங்கள். 'ண்' என்றால் புள்ளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது அடுத்த எழுத்தின் தலைக்குப் போய்விடும். யூனிகோடுக்கு மாற்றினாலும் ஒரு முறை சோதியுங்கள், சில மென்பொருள்கள் அங்கேயும் காலைப் பிரிக்கும்.

செவ்வாய்ப்பேட்டை டிடிபி:
அளவைக் கூட்டி, "தாண்டி இடப்புறம்" என்பதை இரண்டாம் வரிக்கு இறக்கினேன். அச்சு எடுத்துச் சுவரில் ஒட்டி, தெருமுனையில் நின்று அம்மாவைப் படிக்கச் சொன்னேன். தடுமாறாமல் "கொண்டை ஊசி வளைவு" என்றார். இருவருக்கும் மிக்க நன்றி.